துடுப்பின் ஓரத்தில் ஒரு வெட்டு

நிக்லோவை முதன்முதலில் படம்பிடித்தது 1984இல். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், சரசோட்டா விரிகுடாவில் வாழ்ந்த பெண் குப்பிமூக்கு டால்பின் அது. பல் ஒன்றை எடுத்து அதிலிருந்த வளர்ச்சி அடுக்குகளை எண்ணியபோது, அது பிறந்த ஆண்டு 1950 என்று தெரியவந்தது. 67 வயது வரை அது கடலில் நீந்தித் திரிந்ததைப் பார்த்துப் பதிவு செய்திருக்கிறார்கள். வயது உறுதியாகத் தெரிந்த குப்பிமூக்கு டால்பின்களில் மூத்தது இதுதான். இப்படியொரு வாழ்க்கை வரலாற்றை எழுதிவைத்தது கேமரா. ஆனால் அந்த வரலாறு எந்த மாதிரிப் படங்களால் ஆனது என்று பார்த்தால், புகைப்பட ரசிகர்களுக்குச் சப்பென்று இருக்கும். சாம்பல் நிறத் தண்ணீர், அதன் மேல் கொஞ்சம் அடர்ந்த சாம்பல் நிறத்தில் ஒரு முக்கோணம். முகம் இல்லை, கண் இல்லை, தாவல் இல்லை.

சூரியன் சாயும் வேளையில் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வில்லாக வளைந்து பாயும் டால்பினைத்தான் பத்திரிகை அட்டையும் காலண்டரும் கேட்கும். அந்தப் படத்தை ஆய்வுக்கூடத்தில் கொண்டுபோய்க் கொடுத்தால், துடுப்பு பக்கவாட்டில் தெரிகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு ஒதுக்கி வைப்பார்கள். அவர்களுக்கு வேண்டியது முதுகுத் துடுப்பின் பின் விளிம்பு. அந்த ஒரு சாண் நீளக் கோடு கூர்மையாகப் பதிந்திருந்தால் போதும். படத்தில் வேறு எது கெட்டிருந்தாலும் அவர்களுக்குக் கவலையில்லை.

காரணம் டால்பினின் உடம்பிலேயே இருக்கிறது. முதுகுத் துடுப்பில் எலும்பு கிடையாது. இழைத்திசுவும் அதைப் போர்த்திய தோலும்தான். பின் விளிம்புக்குப் போகப்போக அது மெலிந்துவிடும். இன்னொரு டால்பின் கடித்தாலோ, தூண்டில் நரம்பு அறுத்தாலோ, படகின் விசிறி பட்டாலோ அந்த மெல்லிய பகுதி பிய்ந்துபோகும். பிய்ந்தது திரும்ப வளராது. தோலின் கதை வேறு. குப்பிமூக்கு டால்பினின் மேல்தோல் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை உதிர்ந்து புதுப்பிக்கப்படுகிறது. அதனால் பல் கீறிய வரிகள் சில மாதங்களில் மங்கத் தொடங்கிவிடும். விளிம்பில் விழுந்த வெட்டு மட்டும் சாகும்வரை நிற்கும். வயது ஏற ஏற வெட்டுகள் கூடும். பழைய ரூபாய் நோட்டின் ஓரம் போல ஒவ்வொன்றும் தன் வழியில் சிதைந்திருக்கும்.

இதை முறையான ஆய்வுக் கருவியாக மாற்றியவர்கள் 1970களில் வேலை செய்த சிலர். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மைக்கேல் பிக் என்ற உயிரியலாளரிடம் ஓர்க்காக்களை எண்ணும் பொறுப்பு வந்தது. ‘கொலைகாரத் திமிங்கிலம்’ என்று பெயர் இருந்தாலும் ஓர்க்கா டால்பின் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்திலேயே பெரியது. கண்காட்சித் தொட்டிகளுக்காக அப்போது ஓர்க்காக்களைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, கொஞ்சம் பிடித்தால் என்ன என்பதுதான் பொதுவான எண்ணம். 1971 ஜூலை 26 அன்று கண்ணில் பட்ட ஓர்க்காக்களை எண்ணிச் சொல்லும்படி மீனவர்கள், கலங்கரை விளக்கக் காவலர்கள், படகுக்காரர்கள் என்று பலருக்கும் 15,000 படிவங்களை அனுப்பினார் பிக். வந்த கணக்கு, அதிகபட்சம் 350. பலர் நம்பவில்லை. அதன்பின் அவரும் அவரது சகாக்களும் துடுப்பையும் அதன் பின்னால் இருக்கும் வெளிர் நிறச் சேணத் திட்டையும் படம்பிடித்து, ஒவ்வொரு விலங்கையும் தனித்தனியாக அடையாளம் கண்டு எண்ணினார்கள். முதல் கணக்கு ஏறக்குறைய சரிதான் என்று உறுதியானது.

அதே காலத்தில் அர்ஜென்டினாவின் சான் ஹோசே வளைகுடாவில் பெர்ன்ட் வூர்சிக், மெலனி வூர்சிக் தம்பதியர் குப்பிமூக்கு டால்பின்களின் துடுப்புகளைப் படம்பிடித்து வந்தார்கள். 1977இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த அவர்களது கட்டுரை, இந்த முறையை டால்பின் ஆய்வாளர்கள் எல்லோருக்கும் தெரியப்படுத்தியது. நிக்லோவைப் படம்பிடித்த சரசோட்டா ஆய்வு அதற்கும் முன்பே, 1970இல் தொடங்கிவிட்டது. பள்ளி மாணவராகத் தன்னார்வத் தொண்டு செய்ய வந்த ராண்டல் வெல்ஸ் பின்னாளில் அதன் தலைவரானார். காட்டு டால்பின் கூட்டம் ஒன்றைப் பற்றி உலகிலேயே மிக நீண்ட காலமாக நடந்துவரும் ஆய்வு இது.

இனி படகுக்கு வருவோம். டால்பின் மூச்சு விட மேலே வந்து துடுப்பைக் காட்டி மறைய ஒன்றிரண்டு வினாடிதான். எங்கே வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. படகு ஆடுகிறது, லென்ஸின் கோணம் குறுகியது. குறிபார்த்துக் கொண்டிருக்கும் இடத்தை விட்டு இரண்டு படகு நீளம் தள்ளித்தான் அது தலைகாட்டும். அதனால் அனுபவம் உள்ளவர்கள் ஒரு கண்ணைக் கேமராவிலும் மற்றதைக் கடலிலும் வைத்துக்கொள்கிறார்கள். படகை டால்பின் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து விரட்டிப் போவதில்லை. பக்கத்தில், அதே திசையில், அதே வேகத்தில் ஓட்டுகிறார்கள். துடுப்பு நேர் பக்கவாட்டில் தெரிய அதுதான் வழி. சாய்கோணத்தில் எடுத்தால் வெட்டின் ஆழம் படத்தில் குறைந்துவிடும். முன்னாலிருந்தோ பின்னாலிருந்தோ எடுத்தால் துடுப்பு வெறும் கோடு.

ஷட்டர் வேகத்தை ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் பிடிபடும். மணிக்கு 18 கிலோமீட்டரில் போகும் டால்பின் ஒரு வினாடிக்கு 5 மீட்டர் நகர்கிறது. ஷட்டர் 1/250 வினாடி திறந்திருந்தால் அந்த இடைவெளியில் துடுப்பு 2 சென்டிமீட்டர் முன்னே போய்விடும். அடையாளம் சொல்லும் பல வெட்டுகளின் அளவே அவ்வளவுதான். வெட்டு இருப்பதோ பின் விளிம்பில். படம் இழுபடும் திசையும் அதுவே. ஆகவே முதலில் அழிவது நமக்கு வேண்டிய தகவல்தான். 1/2000 வினாடி வைத்தால் நகர்வு இரண்டரை மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். கேமராவையும் டால்பினோடு சேர்த்துத் திருப்பினால் இன்னும் குறையும். வெளிச்சம் போதாதபோது ஐஎஸ்ஓவை ஏற்றிக்கொள்ளலாம். படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் விழும்தான். ஆனாலும் இரைச்சலுக்கு நடுவே வெட்டு தெரியும். இழுபட்ட படத்தில் தெரியாது.

கடற்பரப்பின் பளபளப்பை மட்டுப்படுத்தப் போலரைசர் கண்ணாடியைச் சிலர் மாட்டுகிறார்கள். நீருக்குள் இருக்கும் உடல் தெரிய வேண்டுமென்றால் அது உதவும். ஆனால் லென்ஸுக்குள் வரும் வெளிச்சத்தில் பாதிக்கும் மேல் அதிலேயே போய்விடும், ஷட்டரை மெதுவாக்கும்படி ஆகும். துடுப்பு மட்டுமே தேவை என்றால் அதைக் கழற்றிப் பையில் போடுவதே நல்லது. சூரியன் எதிரே இருக்கும்போது துடுப்பு கருநிழலாக விழும். அழகுப் படம் எடுப்பவர் முகம் சுளிக்கும் தருணம் அது. விளிம்பைப் படிப்பவருக்கோ வெள்ளித் தண்ணீரின் மேல் கறுப்புக் கோடு வெட்டு வெட்டாகத் தெரியும். கீறல்களும் திட்டுகளும்தான் தொலைந்துபோகும்.

கேமராவைப் பிடித்திருப்பவருக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. கண்ணைக் கவரும் துடுப்புகளை மட்டும் எடுக்கக் கூடாது. கூட்டத்தில் உள்ள எல்லாவற்றையும், வெட்டே இல்லாத வழவழப்பான இளசுகளையும் சேர்த்து, ஓரவஞ்சனை இல்லாமல் எடுக்க வேண்டும். படகின் முகப்பில் எழும் அலையில் சறுக்கி விளையாட வரும் துணிச்சல்காரர்களே திரும்பத் திரும்பப் படத்தில் விழுந்தால், பின்னால் போடும் எண்ணிக்கைக் கணக்கு கோணிவிடும். எதற்காக இந்தக் கெடுபிடி என்பது கணக்கைப் பார்த்தால்தான் புரியும்.

ஒரு விரிகுடாவில் முதல் சுற்றில் 60 டால்பின்களை அடையாளம் கண்டதாக வைத்துக்கொள்வோம். இரண்டாவது சுற்றில் 50. அவற்றில் 30 முதல் சுற்றிலும் இருந்தவை. 60ஐ 50ஆல் பெருக்கி 30ஆல் வகுத்தால் 100. அடையாளம் உள்ள டால்பின்கள் அங்கே ஏறக்குறைய இத்தனை என்று பொருள். எடுத்த துடுப்புகளில் பத்துக்கு ஏழில்தான் வெட்டு இருந்தது என்றால், 100ஐ 0.7ஆல் வகுத்து மொத்தம் சுமார் 143 என்பார்கள். வெட்டு இல்லாத துடுப்புகளை எடுக்காமல் விட்டால் இந்த 0.7 பொய்யாகிவிடும். இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. முதல் சுற்றில் பார்த்த டால்பினையே அடையாளம் தெரியாமல் புதியது என்று ஐந்து முறை தவறாக எழுதிவிட்டால், பொதுவானவை 30லிருந்து 25 ஆகும். 100 என்பது 120 ஆகிவிடும். இருபது டால்பின்கள் காகிதத்தில் மட்டும் பிறந்துவிட்டன!

அந்த இருபதும் பெரும்பாலும் பிறப்பது படத்தைச் செம்மைப்படுத்தும் மேசையில்தான்.

மெமரி கார்டில் இருப்பதை முதலில் கை வைக்காமல் அப்படியே இரண்டு இடங்களில் நகலெடுத்துக்கொள்வார்கள். ரா கோப்பாக எடுத்திருந்தால் திருத்தும் மென்பொருள் மூலத்தைத் தொடாது. திருத்தங்கள் தனியாகப் பதிவாகும். கேமராவின் கடிகாரத்தைக் காலையிலேயே ஜிபிஎஸ் நேரத்தோடு ஒத்துப்போகும்படி வைத்திருப்பார்கள். எந்தப் படம் எந்த இடத்தில் எடுத்தது என்று கோப்பின் நேரத்தை வைத்தே சொல்லிவிடலாம். ஒரு கூட்டத்தை முடித்து அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது வெறும் வானத்தையோ, படகோட்டியின் கையையோ, குறிப்பேட்டின் பக்கத்தையோ ஒரு சொடுக்கு எடுத்துவைப்பது வழக்கம். மேசையில் நூற்றுக்கணக்கான சாம்பல் முக்கோணங்களுக்கு நடுவே அந்தக் கை வந்தால், இங்கே ஒரு கூட்டம் முடிந்தது என்று புரியும்.

அடுத்து தரம் பிரித்தல். போக்கஸ், கோணம், துடுப்பு முழுவதும் சட்டகத்துக்குள் இருக்கிறதா, அலை மறைக்கிறதா, சட்டகத்தில் துடுப்பு எவ்வளவு பெரிது என்று பார்த்து ஒவ்வொரு படத்துக்கும் மதிப்பெண் போடுவார்கள். துடுப்பு எவ்வளவு தனித்துவமானது என்பதற்கு வேறு மதிப்பெண். இரண்டையும் கலக்கவே கூடாது. பெரிய வெட்டு உள்ள டால்பினை மங்கலான படத்திலும் கண்டுபிடித்துவிடலாம், சின்ன வெட்டுக்காரர்கள் மங்கல் படத்தில் காணாமல் போவார்கள். ஆகவே எண்ணிக்கைக் கணக்குக்கு மோசமான படங்களை, எவ்வளவு பிரபலமான துடுப்பாக இருந்தாலும், ஒதுக்கிவிடுகிறார்கள். அடையாளம் தெரிந்தும் கழித்துக்கட்டுவது மனத்துக்கு ஒவ்வாத காரியம். அறிவியலின் நேர்மை பல சமயம் இப்படிச் சலிப்பான வேலையில்தான் இருக்கிறது.

பிறகு க்ராப் செய்து, துடுப்பின் அடி கிடைக்கோட்டில் வரும்படி திருப்பி, படம் முழுவதற்கும் வெளிச்சத்தையும் மாறுபாட்டையும் சரிசெய்வார்கள். எதிர்வெளிச்சத்தில் விளிம்போரம் படியும் ஊதா நிறக் கசிவை நீக்கலாம். இவ்வளவு வரைக்கும் தப்பில்லை. விளிம்பில் உள்ள வெட்டு துடுப்பின் இரு பக்கமும் தெரியும் என்பதால், இடப்பக்கப் படத்தை வலப்பக்கப் படத்தோடு ஒப்பிடக் கண்ணாடிபோல் திருப்பிப் பார்க்கலாம். ஆனால் திருப்பிய படத்தைச் சேமித்துவிடக் கூடாது. கீறலும் திட்டும் பக்கத்துக்குப் பக்கம் வேறு, அடுத்து பார்ப்பவர் ஏமாந்துபோவார்.

சிக்கல் கூர்மைப்படுத்தும் கருவியில் ஆரம்பிக்கிறது. துடுப்பு மேலே வரும்போது தண்ணீர் அதன் பின் விளிம்பிலிருந்து வழிந்து சொட்டும். விளிம்பை ஒட்டிப் பிரகாசிக்கும் ஒரு துளி, பின்னாலிருக்கும் தண்ணீரின் நிறத்தோடு கலந்து, அசல் வெட்டு போலவே தெரியும். கூர்மைப்படுத்தினால் அந்தப் பொய் வெட்டுக்குக் கச்சிதமான ஓரம் கிடைத்துவிடும். மறுபக்கம், விளிம்பில் ஒட்டித் தொங்கும் ஜெனோபாலனஸ் என்ற கொட்டலசு வகை உயிரி. கறுப்புக் குஞ்சம் போல சில சென்டிமீட்டர் நீளத்துக்குத் தொங்கும். வெட்டை அது மறைக்கலாம், இல்லாத உருவத்தைக் காட்டலாம். சில மாதம் கழித்து உதிர்ந்தும் போகும். அடுத்தடுத்து எடுத்த படங்களைச் சேர்த்துப் பார்ப்பதே இதற்கு மருந்து. துளி இடம் மாறும், வெட்டு மாறாது. அதனால்தான் ஒரே டால்பினின் பத்துப் படங்களில் நல்லதை மட்டும் வைத்துவிட்டு மற்ற ஒன்பதை அழிப்பது புத்திசாலித்தனம் அல்ல.

செயற்கை நுண்ணறிவு கொண்ட புதிய கூர்மைப்படுத்தும் மென்பொருள்கள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. மங்கலான விளிம்பைப் பார்த்து, இங்கே என்ன இருந்திருக்கும் என்று ஊகித்து வரைந்துவிடுகின்றன. வரவேற்பறைச் சுவரில் மாட்டும் படத்துக்கு அது பரவாயில்லை. அடையாளப் படத்தில் அது சாட்சியைக் கலைப்பதற்குச் சமம். கோடு சீராக இருக்க வேண்டும் என்று மென்பொருள் நினைத்தால் அசல் வெட்டு நிரம்பிவிடும். அழுத்தமாக இருக்க வேண்டும் என்று நினைத்தால் புது வெட்டு முளைக்கும்.

இரைச்சல் நீக்கும் கருவியின் அபாயத்துக்கு பஹாமாஸ் நல்ல உதாரணம். அங்கே டெனிஸ் ஹெர்சிங் 1985 முதல் அட்லாண்டிக் புள்ளி டால்பின்களை ஆராய்ந்து வருகிறார். தண்ணீர் தெளிவானது, படம்பிடிப்பது நீருக்கு அடியில். குட்டி பிறக்கும்போது புள்ளி இருக்காது. வளர வளரப் புள்ளிகள் தோன்றி, கூடி, கடைசியில் ஒன்றோடொன்று கலந்துவிடும். எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை வைத்து வயதுப் பிரிவைச் சொல்லலாம். ஆனால் நீரில் மிதக்கும் துகள்களில் ஒளி பட்டுத் தெறித்து வெள்ளைப் புள்ளிகள் விழும், சென்சாரின் இரைச்சலும் புள்ளிகளாகவே விழும். எல்லாவற்றையும் ஒரே இழுப்பில் துடைத்தால் டால்பினுக்கு வயது குறைந்துவிடும்! நிறத்திலும் இதே கவனம் வேண்டும். நீர் சிவப்பு ஒளியை முதலில் விழுங்குகிறது. சில மீட்டர் ஆழத்திலேயே எல்லாம் நீலம் பூத்துவிடும். வெண்சமநிலையைச் சரிசெய்து இழந்த நிறத்தைக் கொஞ்சம் மீட்கலாம். மிகையாக இழுத்தால் வயிற்றுப் பக்கம் இளஞ்சிவப்பாகி, இல்லாத காயத்தை இருப்பதாகக் காட்டும்.

ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை பல ஆண்டுகள் கண்ணாலேயே நடந்தது. ஸ்லைடை ஒளிமேசையில் வைத்து உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்து, விளிம்பைக் காகிதத்தில் வரைந்து, பழைய வரைபடங்களின் மேல் வைத்துப் பார்ப்பார்கள். இப்போது விளிம்பைக் கணினியே வரைந்து, ஒத்துப்போகக்கூடிய துடுப்புகளை வரிசைப்படுத்தித் தருகிறது. 2022இல், திமிங்கில, டால்பின் படங்களைத் திரட்டும் ‘ஹேப்பிவேல்’ அமைப்பு, தரவுப் போட்டிகள் நடக்கும் கேகிள் தளத்தில், படத்தை வைத்து விலங்கை அடையாளம் காணும் நிரல்களுக்கு ஒரு போட்டி நடத்தியது. 28 ஆய்வு நிறுவனங்கள் கொடுத்த படங்கள், 30 இனங்கள், 15,000க்கும் மேற்பட்ட தனி விலங்குகள்.  இயந்திரம் பட்டியலைச் சுருக்கித் தந்தாலும், இது அதுதான் என்ற கடைசி முடிவை மனிதக் கண்தான் எடுக்கிறது. பல குழுக்களில் ஒருவர் பார்த்ததை இன்னொருவர் தனியாக மறுபடி பார்க்க வேண்டும் என்று விதி.

எல்லா நீர்வாழ் பாலூட்டிக்கும் இந்த வித்தை பலிக்காது. இந்தியக் கடலோரங்களில் காணப்படும் துடுப்பில்லாக் கடற்பன்றிக்கு முதுகுத் துடுப்பே கிடையாது. கங்கை டால்பினுக்குத் துடுப்பு வெறும் மேடு. கலங்கல் ஆற்றில் சட்டென்று எழுந்து சட்டென்று மறையும். 2025இல் வெளியான கணக்கெடுப்பு இந்திய ஆறுகளில் 6,327 டால்பின்கள் என்று சொல்லும்போது, அதன் பின்னால் இருப்பது துடுப்புப் படங்கள் அல்ல. படகிலிருந்து கண்ணால் பார்த்த எண்ணிக்கையும், நீருக்குள் ஒலிவாங்கி வைத்துக் கேட்ட சத்தமும்.

துடுப்பு உள்ள இடத்தில் அது எவ்வளவு தூரம் பேசும் என்பதை மெக்சிகோ வளைகுடா காட்டியது. 2010இல் டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய்த் துரப்பண மேடை வெடித்து, லூசியானாவின் பராட்டாரியா விரிகுடாவில் எண்ணெய் படிந்தது. அங்கே டால்பின்களைப் பரிசோதித்து, கருவுற்றிருந்த 10ஐக் குறித்துக்கொண்டு, அடுத்து வந்த மாதங்களில் அவற்றைத் துடுப்பை வைத்துத் தேடித்தேடிப் படம்பிடித்தார்கள். பக்கத்தில் குட்டியோடு தெரிந்தவை இரண்டே. எண்ணெய் படாத ஒப்பீட்டுக் கூட்டத்தில் கர்ப்பங்களில் 83 சதவீதம் தேறியிருந்தன. கடலில் குட்டி செத்தால் உடல் கிடைப்பது அரிது. தாய் தனியாக நீந்தும் படம்தான் அந்த மரணத்துக்குச் சான்று.

படகில் போய்ப் படம் எடுப்பதே டால்பினுக்குத் தொல்லையாகுமா என்ற கேள்விக்கும் இதே படங்கள் பதில் சொல்லியிருக்கின்றன. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஷார்க் பே பகுதியில் சுற்றுலாப் படகுகள் ஓடிய இடத்தில் டால்பின்கள் குறைந்துவிட்டதையும், படகு ஓடாத இடத்தில் குறையாததையும் லார்ஸ் பெய்டர் குழுவினர் 2006இல் காட்டினார்கள். பல ஆண்டுகளாகச் சேர்ந்த அடையாளப் பதிவுகள்தான் ஆதாரம். அரசு அங்கே இருந்த இரண்டு சுற்றுலா உரிமங்களை ஒன்றாகக் குறைத்தது. ஹவாயில் சுழல் டால்பின்கள் இரவெல்லாம் ஆழ்கடலில் இரை தேடிவிட்டுப் பகலில் கரையோர விரிகுடாக்களில் ஓய்வெடுக்கும். நீந்தவும் படம் எடுக்கவும் வருபவர்கள் அந்தத் தூக்கத்தைக் கெடுத்ததால், கரையிலிருந்து இரண்டு கடல் மைலுக்குள் அவற்றை 50 கெஜத்துக்கு, அதாவது சுமார் 45 மீட்டருக்கு, நெருங்கக் கூடாது என்று 2021இல் சட்டம் வந்தது.

சுற்றுலாப் பயணிகள் எடுக்கும் படங்களும் ஆய்வுக்கு உதவும். ஹேப்பிவேல் போன்ற இடங்களில் அவற்றை வாங்கிச் சேர்க்கிறார்கள். அவர்கள் எதிர்பார்ப்பது மூலக்கோப்பு, எடுத்த நேரம், இடம். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அளவும் சுருங்கும், நேரமும் இடமும் கோப்பிலிருந்து உதிர்ந்துவிடும். கிட்டே போனால்தான் படம் கிடைக்கும் என்பதும் இல்லை. 24 மெகாபிக்சல் முழுச்சட்டகக் கேமராவில் 300 மில்லிமீட்டர் லென்ஸைப் போட்டு 45 மீட்டர் தள்ளி நின்று எடுத்தால், 25 சென்டிமீட்டர் உயரமுள்ள குப்பிமூக்கு டால்பினின் துடுப்பு படத்தில் சுமார் 280 பிக்சல் உயரத்துக்கு விழும். ஒரு சென்டிமீட்டர் வெட்டு பதினொரு பிக்சல். ஒப்பிட்டுப் பார்க்க அது போதும்.